பாசி எடுக்கிற அம்மாமார் பேச்சை 6 ஜிபி கேமிங் லேப்டாப்பில் எழுத்தாக்க முடியுமா?

பாசிக்காரி மகள், பாம்பன்:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளமா இருக்கும். பொறுமையாப் படிச்சிட்டுச் சொல்லுங்க.

எங்கம்மா முப்பது வருஷத்துக்கு மேல கடல்பாசி எடுத்தவங்க. கண்ணாடியை மாட்டிக்கிட்டு, விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, இடுப்புல வலைப்பையைக் கட்டிக்கிட்டு தெக்குக் கடல்ல முங்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரைன்னு ரெண்டு வகைப் பாசி எடுப்பாங்க. இப்போ காது சரியாக் கேக்குறதில்ல, முங்குறதை நிறுத்திட்டாங்க. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவங்களையும் அவங்க கூட்டாளிங்க ஒன்பது பேரையும் பேசவச்சு போன்ல பதிவு பண்ண ஆரம்பிச்சேன். இன்னிக்கு வரைக்கும் 46 மணி நேரம் சேந்திருக்கு. எந்தப் பார்ல (கடலடிப் பாறைத்திட்டு) எந்தப் பாசி, நீவாடு (கடல் நீரோட்டம்) எப்பத் திரும்பும், எந்தக் காத்துக்கு எந்தப் பக்கம் தண்ணி கலங்கும், பிள்ளையை வயித்துல வச்சுக்கிட்டு எத்தனை மாசம் வரைக்கும் முங்கினாங்க, எல்லாம் இருக்கு. பத்து பேர்ல ஒருத்தவங்க தை மாசம் தவறிட்டாங்க. அவங்க குரல் அஞ்சு மணி நேரம் என்கிட்ட இருக்கு. இதுக்கு மேல தள்ளிப்போட எனக்கு மனசு வரல.

இதை ஆன்லைன்ல ஏத்தி எழுத்தாக்கலாம்னு நிறைய பேர் சொன்னாங்க. நான் ஏத்த மாட்டேன். யாருக்கு எந்த ஏஜென்ட்கிட்ட எவ்வளவு கடன், யார் எந்தத் தீவுப் பக்கம் போனாங்கன்னு பேரோட பேசியிருக்காங்க. மன்னார் வளைகுடா தீவுங்க 21ம் 1986லேர்ந்து தேசியப் பூங்காவுக்குள்ள வருது, இறங்கத் தடை. "இந்தப் பேச்சு என் வீட்டை விட்டு வெளிய போகாது"ன்னு ஒவ்வொருத்தங்க கையையும் பிடிச்சுச் சொல்லியிருக்கேன்.

வீட்டுல இருக்கிறது தம்பி கேம் விளையாட வாங்கின லேப்டாப். கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4050, அந்தக் கார்டுக்குன்னே இருக்கிற வி-ரேம் 6 ஜிபி, சாதா ரேம் 16 ஜிபி ஒரே ஸ்டிக். அவன் வேலைக்கு வெளிநாடு போயிட்டான், இப்போ அது என் கையில.

ரெண்டு வாரமா முயற்சி பண்ணிப் பாத்ததைச் சொல்றேன். பேச்சைக் கேட்டு எழுத்தாக்குற விஸ்பர்ல, ஸ்மால்ங்கிற சின்ன மாடலைப் போட்டேன். வீட்டுக்குள்ள பதிவு பண்ணினது ஓரளவு வருது. கரையில உக்காந்து பதிவு பண்ணினதுல, யாரும் பேசாம அலைச்சத்தம் மட்டும் இருக்கிற இடத்துல "நன்றி வணக்கம் நன்றி வணக்கம்"னு பதினோரு தடவை எழுதியிருக்கு. "நீவாடு"ங்கிறதை எல்லா இடத்துலயும் "நீ வாடு"ன்னு பிரிச்சிருக்கு. அம்மா பேசினதை வாசிச்சுப் பாத்தா யாருக்கோ சாபம் விடுற மாதிரி இருக்கு.

அடுத்து, எழுத்தாக்கினதைச் சுருக்கித் தரச் சொல்லி ஒல்லாமாவுல (ஏஐ மாடலை நம்ம மெஷின்லயே ஓட்டுற மென்பொருள்) லாமா 3.1, 8பி மாடலைப் போட்டேன். ஒரு மணி நேரப் பேச்சை மொத்தமாக் குடுத்தேன். கடைசிப் பத்து நிமிஷத்தை மட்டும் சுருக்கிக் குடுத்துச்சு. அதுலயும் "பெண்கள் தோட்டத்தில் மரிக்கொழுந்து பறித்துப் பூச்சந்தைக்கு அனுப்புகின்றனர்"னு எழுதியிருக்கு. அதை வாசிச்சிட்டு அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. நாளைக்கு யாராவது இதை நம்பிட்டா எங்கம்மா முப்பது வருஷம் கடல்ல முங்கினதே இல்லைன்னு ஆயிடுமே.

மாடல் ஒரே தடவையில பாக்குற அளவை, அதான் கான்டெக்ஸ்ட் நீளத்தை, கூட்டினா ஒரு வரி எழுதவே ரொம்ப நேரம் எடுக்குது. ஃபேன் கத்துது, விசைப்பலகை கை வைக்க முடியாத சூடு. அடிப்பக்கத்துல ஒரு ஸ்குரூ துருவேற ஆரம்பிச்சிருக்கு.

இந்த 6 ஜிபிக்குள்ள எந்த மாடல் சரியா வரும், சொல் கெடாம எப்படி வாங்குறது, இந்த உப்புக் காத்துல மெஷினை எப்படிக் காப்பாத்துறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வடகடல், தொண்டி:

தங்கச்சி, நான் மென்பொருள் வேலை பாக்கிறேன், மூணு வருஷமா ஊர்லேர்ந்துதான். நல்ல வேலையை எடுத்திருக்கீங்க, அதனால விவரமாவே எழுதுறேன்.

முதல்ல ஏன் நத்தை மாதிரி ஓடுச்சுன்னு பாருங்க. 8பின்னா 800 கோடி எண்கள். ஒரு எண்ணுக்கு 16 பிட்னா 16 ஜிபி வேணும். நீங்க இறக்கினது 4 பிட்டுக்குச் சுருக்கினது, கோப்பு 4.9 ஜிபி. 6க்குள்ள அடங்குதேன்னு தோணும். ஆனா மாடல் தான் வாசிச்சதை ஞாபகம் வச்சுக்க தனியா இடம் கேக்கும். லாமா 3.1, 8பியில ஒரு டோக்கனுக்கு, அதாவது எழுத்தை அது வெட்டி வாசிக்கிற ஒரு துண்டுக்கு, 128 கேபி. 8,192 டோக்கன் கான்டெக்ஸ்ட் வச்சீங்கன்னா அதுக்கே 1 ஜிபி போச்சு. திரைக்கு விண்டோஸ் எடுத்துக்கிறதையும் சேத்தா 6 தாண்டிடும். தாண்டினது சாதா ரேமுக்கு வழியும், அங்கதான் வேகம் செத்துப் போகுது.

காரணம் இதுதான். ஒவ்வொரு டோக்கன் எழுதுறப்பவும் மாடல் மொத்தத்தையும் ஒரு தடவை வாசிச்சாகணும். கரையில மீன் வெட்ட எத்தனை பேர் கத்தியோட நின்னாலும், வத்தையிலேர்ந்து கூடை வந்து இறங்குற வேகம்தானே வேலை வேகம்? அதே கதை. உங்க 4050ல வி-ரேம் வாசிக்கிற வேகம் நொடிக்கு 192 ஜிபி. ரேம் ஒரே ஸ்டிக், டிடிஆர்5 4800னா நொடிக்கு 38.4 ஜிபிதான். ரெண்டாவது ஸ்டிக் போட்டா அது 76.8 ஆகும். உங்க வேலைக்கு அது பெரிய வித்தியாசம்.

சுருக்குற வேலைக்கு கூகுளோட ஜெம்மா 3ல 4பி மாடலை எடுங்க. 2025 மார்ச்சுல வந்தது, 4 பிட்ல 3.3 ஜிபி, உங்க வி-ரேமுக்குள்ள கான்டெக்ஸ்டோட சேந்து உக்காரும். 12பி மாடல் தமிழ் இன்னும் நல்லா எழுதும், ஆனா அது 8.1 ஜிபி. பாதிக்கு மேல வி-ரேம்லயும் மீதி ரேம்லயும் வச்சு ராத்திரி ஓடவிட்டு காலையில எடுத்துக்கலாம். அவசரமில்லாத வேலைக்கு மட்டும் அதை வச்சுக்கங்க.

கடைசிப் பத்து நிமிஷத்தை மட்டும் சுருக்கினது மாடலோட குத்தமில்ல. ஒல்லாமாவுல நீங்க மாத்தலைன்னா கான்டெக்ஸ்ட் சின்னதா இருக்கும். அதிகமா வந்ததைச் சொல்லாமலே வெட்டிடும். தமிழுக்கு இது இன்னும் சீக்கிரம் நிறையும். "மீன்"னு எழுதினா நமக்கு ரெண்டு எழுத்து. கம்ப்யூட்டருக்கு ம, ஈகாரக் குறி, ன, புள்ளின்னு நாலு குறி, குறிக்கு 3 பைட் வீதம் 12 பைட். மாடலோட டோக்கன் பட்டியல்ல தமிழ் குறைவா இருந்தா இதையெல்லாம் துண்டு துண்டாத்தான் எண்ணும். ஜெம்மாவோட பட்டியல் ரெண்டரை லட்சத்துக்கும் மேல, அதனால தமிழ் அதுல கொஞ்சம் சிக்கனமாப் போகும். எப்படியும் பத்து நிமிஷத் துண்டாவே குடுங்க.

இப்போ விஸ்பர். 2022ல வந்த முதல் விஸ்பரைப் பழக்கினது 6,80,000 மணி நேரப் பேச்சு. அதுல ஆங்கிலம் இல்லாத 96 மொழிக்கும் சேத்து 1,17,000 மணி நேரம்தான் எழுத்தாக்கம். பாசிக்காரங்க பேச்சு அதுல எங்க வந்திருக்கப் போகுது? ஆனா ஸ்மாலை விட்டுட்டு லார்ஜ் வி3க்குப் போங்க. அசல் வடிவத்துல அதுக்கு 10 ஜிபி பக்கம் வேணும்பாங்க, பயப்படாதீங்க. விஸ்பரையே வேகமா ஓட்டுற ஃபாஸ்டர் விஸ்பர்ல 8 பிட்டா ஓட்டினா 3 ஜிபி சுமாருக்கு அடங்கிடும். ஜெம்மாவையும் விஸ்பரையும் ஒண்ணா ஏத்தாதீங்க. ஒண்ணை முடிச்சு மூடிட்டு அடுத்தது.

அந்த "நன்றி வணக்கம்" இணையத்துல இருக்கிற வீடியோ சப்டைட்டில்லேர்ந்து அது கத்துக்கிட்டது. பேச்சு நின்னா வீடியோ முடிஞ்சதுன்னு நினைச்சுக்கும். விஏடின்னு ஒரு வடிகட்டி ஃபாஸ்டர் விஸ்பர்லயே இருக்கு, அதைப் போட்டா மனுஷக் குரல் இல்லாத இடத்தை முன்னாடியே வெட்டிடும். முந்தின துண்டோட எழுத்தை அடுத்த துண்டுக்குக் கொண்டுபோற வசதியையும் அணைச்சிடுங்க. ஒரு தடவை தப்பு ஒட்டிக்கிச்சுன்னா விடாம அதையே எழுதிக்கிட்டு இருக்கும்.

ஹாட்வேர்ட்ஸ்னு ஒரு இடம் இருக்கு. அதுல நீவாடு, பார், கட்டக்கோரை, கச்சான், சோழகம்னு உங்க சொல்லை எழுதி வச்சா ஒவ்வொரு துண்டு கேக்குறப்பவும் அதை மனசுல வச்சுக்கிட்டுக் கேக்கும். 224 டோக்கனுக்குள்ளதான் இடம், தமிழ்ச் சொல்லு டோக்கனை நிறைய தின்னும். அதனால இருபது சொல்லுக்கு மேல போடாதீங்க. சென்னை ஐஐடியில இருக்கிற ஏஐ4பாரத் குழு இந்திய மொழிங்களுக்குன்னே பழக்கின இன்டிக் கன்ஃபார்மர் மாடலையும் ஒரு பதிவுக்கு ஓட்டிப் பாருங்க. எது உங்கம்மா பேச்சுக்குப் பக்கத்துல வருதோ அதை வச்சுக்கலாம்.

மாடலை இறக்கினதுக்கு அப்புறம் வைஃபையை அணைச்சிட்டு ஓட்டுங்க. ஒல்லாமாவுல இப்போ இணையத்துல வேற மெஷின்ல ஓடுற கிளவுட் மாடலும் பட்டியல்ல வருது, கை தவறி அதைத் தொட்டுடக்கூடாது. வைஃபை அணைச்ச பிறகும் ஓடுச்சுன்னா, குடுத்த வாக்கு காப்பாத்தப்பட்டதுன்னு நீங்களே கண்ணால பாத்துக்கலாம்.

சர்வீஸ்காரர், கீழக்கரை:

மாடல் பத்தி எனக்குத் தெரியாதும்மா. லேப்டாப் பிரிச்சு மூடுறது பத்தொன்பது வருஷமா என் தொழில். மெஷினைப் பத்தி மட்டும் சொல்றேன்.

அந்தத் துரு ஸ்குரூவை லேசா எடுத்துக்காதீங்க. கேமிங் லேப்டாப்னா ரெண்டு ஃபேன், சாதா மெஷினை விட ரொம்பக் காத்தை இழுக்கும். காத்தோட உப்பும் உள்ள போகும். காஞ்ச உப்பு சும்மா கிடக்கும். காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தண்ணியை இழுத்துக் கசிய ஆரம்பிச்சிடும். வீட்டுல உப்பு ஜாடி வேர்க்குதுல்ல, அதேதான் போர்டு மேலயும் நடக்கும். நம்ம பக்கம் ராத்திரி ஆனா ஈரப்பதம் அதைத் தாண்டாத நாள் குறைவு. பாம்பன் புதுப் பாலத்துக்கே துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டுத்தான் 2025ல திறந்தாங்க. அப்படிப்பட்ட காத்து அது.

கடல் பாத்த ஜன்னல் பக்கம் வைக்காதீங்க. உள்ரூம், ஜன்னலைச் சாத்திட்டு, மேசை மேல வைங்க. பின்பக்கம் ரெண்டு சோடா மூடி முட்டுக் குடுங்க, அடியில காத்து போக இடம் வேணும். மெத்தை மேல வேண்டவே வேண்டாம். வேலை முடிஞ்ச உடனே மூடிப் பைக்குள்ள திணிக்காதீங்க, சூடு ஆறட்டும். ஆறினதும் மூடி இறுக்கமா இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல் பை நாலஞ்சோட வைங்க. ஜெல் நிறம் மாறினா வறுத்துத் திரும்பப் போடலாம். அரிசி வைக்காதீங்க, தூசிதான் மிஞ்சும்.

போன மாசம் என்கிட்ட ஒரு மெஷின் வந்துச்சு, ஏர்வாடிப் பக்கம். சூட்டை வெளியேத்துற ஹீட் சிங்க்கோட தகடு இடுக்கெல்லாம் வெள்ளையும் பச்சையுமா பூத்துப் போய், விரலால தேச்சா மாவு மாதிரி கொட்டுச்சு. ஃபேன் நல்லாத்தான் சுத்துது, காத்து வெளிய வர வழியே இல்ல. அந்தப் பையன் ஃபேன் ஸ்பீடைக் கூட்டிக் கூட்டி ஓட்டியிருக்கான். மூணு மாசத்துக்கு ஒரு தடவை பிரிச்சு பிரஷ் போட்டிருந்தா அந்த போர்டு போயிருக்காது. நீங்களும் மூணு மாசக் கணக்கு வச்சுக்கங்க, வருஷத்துக்கு ஒரு தடவை சிப் சூட்டைக் கடத்துற பேஸ்ட்டை மாத்துங்க.

பேட்டரியில ஓட்டாதீங்க, கார்டுக்குக் கரண்டைக் குறைச்சிடும். பிளக்குல போட்டு, சார்ஜ் 80 சதவீதத்தோட நிக்கிற மாதிரி வைங்க. ராப்பகலா 100லயே சூட்டுல கிடந்தா பேட்டரி ஊதும். ஊதினதை எத்தனையோ பாத்துட்டேன்.

வடகடல், தொண்டி:

அண்ணன் சொன்னதோட ஒண்ணு. டர்போ மோடு வேண்டாம், சைலன்ட் இல்லேன்னா பேலன்ஸ்டு மோடுல ஓட்டுங்க. சுருக்குற வேலையில வி-ரேம் வாசிக்கிற வேகம்தான் கணக்குங்கிறதால, வாட்டைக் குறைச்சாலும் அவ்வளவா வேகம் இழக்க மாட்டீங்க. சூடு நல்லாக் குறையும். கரண்டு போற ஊருங்கிறதால பதிவை எல்லாம் பத்து நிமிஷக் கோப்பா வெட்டி வச்சு ஒவ்வொண்ணா ஓட்டுங்க. நடுவுல நின்னாலும் ஒரு துண்டுதான் போகும்.

தமிழ் டீச்சர், மண்டபம்:

மகளே, நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. கம்ப்யூட்டர் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நீ எழுதியதில் ஒரு இடம் எனக்குத் திக்கென்றது. எழுத்தாக்கிய பிறகு அதை மாடலிடம் கொடுத்துச் சுருக்கச் சொல்கிறாய். அப்போது அது சுருக்குவது மட்டுமல்ல, திருத்தவும் செய்கிறது. உன் அம்மா சொன்ன சொல் அதற்குத் தெரியாவிட்டால் தெரிந்த சொல்லாக மாற்றிவிடுகிறது. மரிக்கொழுந்து தோட்டத்துக்குப் போனது அப்படித்தான். அது கண்ணில் படுகிற தப்பு என்பதால் பிடித்துவிட்டாய். கொண்டல் என்று அவர்கள் சொன்னதை மேகம் என்று மாற்றியிருந்தால் பிடித்திருப்பாயா? அகராதியில் மேகம் என்றும்தான் இருக்கிறது. அவர்கள் சொன்னது கீழ்க்காற்றை.

ஒலியையும் முதல் எழுத்தாக்கத்தையும் ஒருபோதும் அழிக்காதே, அதன்மேல் எதையும் எழுதாதே. சுருக்கம் வேறு கோப்பில் இருக்கட்டும், எந்த நிமிடத்திலிருந்து எடுத்தது என்ற குறிப்போடு. மாடல் எழுதியதை நீ வாசித்து அம்மாவைக் கேட்கச் செய். அவர்கள் தலையாட்டிய பிறகுதான் அது அவர்கள் பேச்சு. முதல் ஒரு மணி நேரத்தையாவது நீயே காதால் கேட்டுக் கையால் எழுது. இருபது சொல் வைக்கலாம் என்று அந்தத் தம்பி சொல்கிறாரே, எந்த இருபது என்பது அப்படி எழுதும்போதுதான் உனக்குத் தெரியும்.

பாசிக்காரி மகள், பாம்பன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பத்து நாள் ஆச்சு, செஞ்சதைச் சொல்றேன்.

டீச்சர் சொன்னபடி தவறிப்போனவங்க பதிவுல முதல் ஒரு மணி நேரத்தைக் கையால எழுதினேன். நாலு ராத்திரி ஆச்சு. எழுத எழுத, நான் கூட இருந்து பதிவு பண்ணினப்பவே காதுல வாங்காத சொல்லெல்லாம் கேட்டுச்சு. அதுலேர்ந்து பதினெட்டு சொல்லை எடுத்து ஹாட்வேர்ட்ஸ்ல வச்சேன். லார்ஜ் வி3, 8 பிட், விஏடி போட்டு, வைஃபையை அணைச்சிட்டு ஒரு 12 நிமிஷப் பதிவை ஓட்டினேன். மூணு நிமிஷத்துல முடிஞ்சது. "நன்றி வணக்கம்" ஒண்ணுகூட இல்ல. நீவாடு ஒன்பது இடத்துல வருது, ஏழு இடத்துல சேந்தே வந்திருக்கு. காத்து பலமா அடிச்ச இடத்துல இன்னும் தப்பு இருக்கு, அதைக் கையாலதான் திருத்துறேன்.

நேத்து அதை அம்மா காதுகிட்ட உக்காந்து சத்தமா வாசிச்சேன். பாதியில நிறுத்தினாங்க. "கட்டக்கோரையை அறுத்தோம்னு அவ சொல்லலடி, ஆஞ்சோம்னு சொல்லுவா. அறுத்தா வேர் வந்துரும்னு பயப்படுவா அவ"ன்னாங்க. ஒலியைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஆஞ்சோம்னுதான் இருக்கு. மாடலும் தப்பா எழுதியிருக்கு, நானும் தப்பாத்தான் கேட்டிருக்கேன். இப்போ பத்தொன்பதாவது சொல்லா அதைச் சேத்திருக்கேன்.

ஜெம்மா 4பிக்கு முதல்லயே "இந்தப் பேச்சில் மரிக்கொழுந்து என்பது கடற்பாசி, சொற்களை மாற்றாதே"ன்னு எழுதிக் குடுத்தேன். தோட்டம் போயிடுச்சு. ஆனா அதைச் சுருக்கத்துக்கு வச்சுக்கிறதை நிறுத்திட்டேன். எந்த நிமிஷத்துல எதைப் பத்திப் பேசுறாங்கன்னு ஒரு பட்டியல் மட்டும் போட்டுத் தரச் சொல்றேன், மீதியை நான் படிச்சுக்கிறேன். அதுக்கு அது நல்லாவே உதவுது.

மெஷின் இப்போ உள்ரூம்ல, சோடா மூடி மேல. 12பி மாடலையும் ஒரு தடவை பாக்க ஆசையா இருக்கு, அதுக்கு இன்னொரு 16 ஜிபி ஸ்டிக் வாங்கலாம்னு இருக்கேன். எதைப் பாத்து வாங்கணும் அண்ணே?

சர்வீஸ்காரர், கீழக்கரை:

வாங்குறதுக்கு முன்னாடி அடிப்பக்கத்தைத் திறந்து பாக்கணும்மா. சிலதுல ரெண்டு இடம் இருக்கும், சிலதுல ஒரு ரேமைப் போர்டுலயே ஒட்டியிருப்பாங்க. உள்ள இருக்கிற ஸ்டிக் மேல டிடிஆர்4ஆ டிடிஆர்5ஆ, எத்தனை வேகம்னு ஸ்டிக்கர் இருக்கும், அதைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. திறக்கிறப்போ அந்தத் துரு ஸ்குரூவை முதல்ல தொடாதீங்க, தலை வழுக்கிடும். மத்ததைக் கழட்டிட்டு அதை மட்டும் கடைசியா, சரியான சைஸ் டிரைவரை அழுத்திப் பிடிச்சு மெதுவாத் திருப்புங்க. வரலைன்னா விட்டுடுங்க, பஸ்ல ஏறி இங்க கொண்டு வாங்க.